சேர்மாதேவியில் இறங்காதவன்

செங்கோட்டை ரயில் சேர்மாதேவியில் ஒரு நிமிடம் நிற்கும். கூட்டம் இருந்தால் இன்னும் அரை நிமிடம். பலகையில் சேரன்மகாதேவி என்று முழுசாக எழுதியிருப்பார்கள், ஆனால் ‘சேர்மாதேவி வந்துட்டா?’ என்றுதான் பெட்டிக்குள் கேட்பார்கள். மலையடிவாரத்தில் இருக்கும் சின்னக் கல்லூரி ஒன்றில் இருபத்தெட்டு வருடம் தமிழ் நடத்தினேன். திங்கட்கிழமை காலையில் திருநெல்வேலியில் ஏறுவேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்புவேன். மீட்டர் கேஜ் பெட்டியின் மரப்பலகையில் தொடங்கிய பயணம் அகலப்பாதை வந்த பிறகும் தொடர்ந்தது. இந்தத் தடத்தில் எல்லா ஊரிலும் ஏதோ ஒரு காரியமாக இறங்கியிருக்கிறேன். காருகுறிச்சியில் ஒரு மாணவனின் அக்கா கல்யாணம். அருணாசலம் பிறந்த ஊரில் இப்படி ஒரு நாகஸ்வரமா என்று பந்தலில் இருந்த பெரியவர்கள் தாலி கட்டி முடிந்த பிறகும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். வீரவநல்லூரில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் அலைந்து வேட்டி எடுத்திருக்கிறேன். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்காமல் வீடு திரும்பினால் பேச்சு வாங்கவேண்டியிருக்கும். அம்பாசமுத்திரத்தில் மாதம் ஒரு தடவையாவது இறங்கி ஆற்றுப்பாலம் வரை நடப்பேன். சேர்மாதேவியில் மட்டும் இறங்கியதில்லை. இறங்கக்கூடாது என்று நேர்ந்துகொண்டதும் இல்லை. ஆனால் ரயில் அங்கே நிற்கும் நேரத்தில் என் கை தானாகப் பைக்குள் போய்ப் புத்தகத்தைத் தேடும், அல்லது மலைப்பக்கத்து ஜன்னலுக்குத் தலை திரும்பும். ஓய்வுபெற்ற பிறகுதான் இதைக் கவனித்தேன். கவனித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வ.வே.சு. ஐயர் 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கி, பிறகு சேர்மாதேவிக்குக் கொண்டுவந்த தமிழ்க் குருகுலம் அந்த ஊரில்தான் இருந்தது. பாரத்துவாஜ ஆசிரமம் என்று பெயர். அரசாங்கப் பள்ளிக்கூடங்களை விட்டு வெளியே வாருங்கள் என்று ஒத்துழையாமை இயக்கம் கூப்பிட்ட காலம். வந்த பிள்ளைகள் போய் உட்கார ஒரு திண்ணை வேண்டியிருந்தது. மொழியும் இலக்கியமும் உடற்பயிற்சியும் கைத்தொழிலும் ஒரே கூரைக்குக் கீழே என்பது ஐயரின் கனவு. அங்கிருந்துதான் ‘பாலபாரதி’ பத்திரிகையையும் நடத்தினார். காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதலில் ஐயாயிரம் கொடுத்தது. செட்டிநாட்டுப் பணமும் வந்தது. அந்தக் குருகுலத்தில் இரண்டு பிராமணப் பையன்கள் மற்றப் பிள்ளைகளோடு உட்காராமல் தனியாகச் சாப்பிட்டார்கள். இதற்கு மேல் நடந்ததைத் தமிழ்நாட்டு அரசியலில் நாலு பக்கம் படித்தவர்களும் சொல்லிவிடுவார்கள்: வரதராஜுலு நாயுடு எழுதினார், ஈ.வெ.ரா. கேட்டார், காங்கிரஸ் இரண்டுபட்டது, அந்த ஆண்டு முடிவதற்குள் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து ஈ.வெ.ரா. வெளியேறினார். எனக்குத் தெரியவேண்டியது இதெல்லாம் இல்லை. அந்த இரண்டு பையன்களும் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்?

கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் நூறு வருடமாக இதைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் வாதங்களைத்தான் எழுதியிருக்கிறார்கள், இடத்தை எழுதவில்லை என்று எனக்கு ஒரு குறை. தனியாக என்றால் எவ்வளவு தள்ளி? ஒரே கூடத்தில் நாலு முழம் தள்ளி வேறொரு இலையா? இடையில் கதவு இருந்ததா? கதவு இருந்தால் சாத்தியிருந்ததா, ஒருக்களித்திருந்ததா? ஒருக்களித்திருந்தால் இந்தப் பக்கம் உட்கார்ந்த பையனுக்கு அந்தப் பக்கத்து இலையில் என்ன விழுந்தது என்று தெரிந்திருக்கும். தண்ணீர்ப் பானை வேறு, பலகாரம் வேறு என்று பெரியார் பின்னாளில் பேசியிருக்கிறார். பலகாரத்தின் வாசனைக்குக் கதவு எதற்கு? நம் பக்கத்து வீடுகளைக் கட்டியவர்கள் இந்த விஷயத்தில் ரொம்பத் தேர்ந்தவர்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, அடுக்களை, கொல்லை. யார் எதுவரை வரலாம் என்று எங்கும் எழுதி வைக்கவேண்டியதில்லை. நடந்து வருகிறவனின் கால் தானே நிற்கும். அந்த மாதிரி ஒரு வீட்டில் பள்ளிக்கூடம் வைத்தால் என்னதான் புதுச் சட்டம் போட்டாலும் கட்டடம் தன் பழைய சட்டத்தையே நடத்தும். சேர்மாதேவிக் குருகுலம் அப்படி ஒரு வீட்டில் நடந்ததா, கீற்றுக் கொட்டகையில் நடந்ததா என்பதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று இப்போது புரிகிறது. கட்டடத்தின் தலையில் பாதிப் பழியைப் போட்டுவிடலாம் என்ற நப்பாசை. கீற்றுக் கொட்டகை என்றால் அதுவும் முடியாது. ரேழியும் இரண்டாங்கட்டும் இல்லாத மொட்டைத் தரையில், கிழக்கு மேற்காக இலை போட்டுவிட்டு, இரண்டு இலையை மட்டும் எடுத்து வேறு பக்கம் வைக்க ஒரு கை வேண்டும்.

குருகுலம் என்ற சொல்லையும் எத்தனையோ வருடம் வகுப்பில் சும்மா சொல்லிக்கொண்டு போயிருக்கிறேன். குருவின் குடும்பம், குருவோடு வாழ்ந்து படிப்பது என்று விளக்கம் எழுதிப்போடுவேன். குலம் என்பதற்கு நம் ஊரில் நடைமுறையில் இருக்கும் பொருள் என்ன என்று எந்தப் பையனும் கேட்டதில்லை; கேட்கமாட்டான் என்று எனக்கும் தெரியும். ஒரே சொல் குடும்பத்தையும் சொல்லும், சாதியையும் சொல்லும். ஐயர் முதல் பொருளில் வைத்த பெயருக்குள் இரண்டாவது பொருள் ஏற்கெனவே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. பந்தி என்ற சொல்லும் அப்படித்தான். அகராதிக்கு அது வெறும் வரிசை. பந்திக்கு முந்து என்று சொல்லி வைத்தவனுக்கு முந்தினால் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்திருக்கிறது. எத்தனை முந்தி வந்தாலும் மூன்றாம் பந்திதான் என்று இருந்தவர்கள் அந்தப் பழமொழியை எப்படிச் சொல்லியிருப்பார்கள்? கட்டடங்களில் ரொம்பப் பழையது பந்தி என்று சில சமயம் தோன்றும். கல் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், கொத்தனார் வேண்டாம். கல்யாண வீடு, கோயில், ஆற்றுமணல், ரயில் பெட்டி என்று எந்த இடத்திலும் ஐந்து நிமிடத்தில் எழுப்பிவிடலாம், சாப்பிட்டு முடித்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம். இடிப்பது கஷ்டம், ஏனென்றால் இடிக்கப் போகும்போது அது அங்கே இருக்காது.

சேர்மாதேவிக்கு நூறு வருடத்துக்கு முந்தி இதே தாமிரபரணி ஆற்றின் இன்னொரு வளைவில் இதே சண்டை நடந்திருக்கிறது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் தம்முடைய விடுதிப் பள்ளியில் எல்லாப் பையன்களும் சேர்ந்து உண்ணவேண்டும் என்று விதித்தார். மேல்சாதிக் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒப்பவில்லை, வெளியேறினார்கள். ‘பூமி சாஸ்திரம்’ எழுதி உலகத்தின் உருவத்தையே தமிழில் சொன்ன மனிதருக்கு ஒரு சாப்பாட்டு வரிசையின் உருவத்தை மாற்றுவது லேசாக இல்லை. அவர் 1826இல் எழுப்பிய கோயிலை இன்று ஊசிக்கோபுரம் என்கிறோம். பாளையங்கோட்டைக்கு வழி தெரியாதவனுக்கு அதைத்தான் அடையாளம் காட்டுகிறோம். சாராள் தக்கர் கல்லூரி 1895, சவேரியார் கல்லூரி 1923. நான் படித்ததும் அந்தப் பக்கத்தில்தான். உயர்ந்த கூரை, தடித்த சுவர், மே மாதத்திலும் உள்ளே ஒரு குளிர்ச்சி, மர மாடிப்படியில் ஏறும்போது கிளம்பும் பழைய காகித வாசனை. படித்த கட்டடத்தின்மேல் எல்லாருக்கும் ஒரு பிரியம் வரும், வருவதில் தப்பில்லை. ஆனால் நூற்றாண்டு மலர் போடும்போது எந்தக் கல்லூரியும் தூண்களைத்தான் படம் பிடிக்கிறது. எந்த வருடம் எந்தப் பையன் தட்டோடு எழுந்து போனான் என்பதற்குப் படம் கிடையாது. குருகுலத்துக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். தூண் எதுவும் நம் ஞாபகத்தில் இல்லை, தட்டு மட்டும் இருக்கிறது. அங்கே என்ன பாடம் நடந்தது, யார் நடத்தினார்கள், பையன்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், ஆற்றுக்கு எந்த வழியாகக் குளிக்கப் போனார்கள் என்பதெல்லாம் கரைந்துபோய், சாப்பிட்ட அரை மணி நேரம் மட்டும் கெட்டியாக நிற்கிறது. ஒரு நிறுவனத்துக்கு இது அநியாயமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அநியாயம் என்று சொல்ல வாய் வரவில்லை.

வாய் வராததற்குக் காரணம் ஐயர் எனக்கு வேண்டாதவர் என்பதில்லை. வேண்டியவர். லண்டனில் பாரிஸ்டர் படிப்பை முடித்துவிட்டு, விசுவாசப் பிரமாணம் எடுக்கமாட்டேன் என்று பட்டத்தை உதறியவர். மாறுவேடத்தில் தப்பி 1910இல் புதுச்சேரிக்கு வந்தவர். வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கி சுடப் பழக்கிக்கொடுத்தவர் என்று பேரெடுத்தவர். அந்த வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டுக் கொன்றது 1911. பதினோரு வருடம் கழித்து, அந்த ஆஷ் கலெக்டராக இருந்த அதே ஜில்லாவுக்கு ஐயர் பள்ளிக்கூட வாத்தியாராக வந்து சேர்ந்ததை நினைக்கும்போது ஒரு மரியாதை தானாக எழும். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பலகையை எடுத்த மனிதர். 1916இல் திருக்குறளை முழுக்க ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். முழுக்க என்றால் 972ஆம் குறளையும் சேர்த்துத்தான். பிறப்பைப் பற்றி வள்ளுவர் சொன்னதை அவர் தாண்டிப் போயிருக்க முடியாது, ஒவ்வொரு சொல்லாக நிறுத்துப் பார்த்து மாற்றியிருக்கவேண்டும். அதே மனிதர் 1925இல், அந்த இரண்டு பையன்களின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். தாம் மட்டில் அவர் சாதி பார்த்து உண்டவர் இல்லை என்று சொல்வார்கள். அப்படியானால் விஷயம் இன்னும் சிக்கல். தனக்கு நம்பிக்கை இல்லாத ஒன்றை, இன்னொருவருக்குக் கொடுத்த சொல்லுக்காகக் காப்பாற்றுகிற நேர்மை அது. காந்தியும் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து ஒரு வழி சொன்னார்: இந்த இருவரை இப்படியே விட்டுவிடலாம், இனிச் சேருகிறவர்கள் சேர்ந்துண்ணச் சம்மதித்துச் சேரட்டும். நிதானமாகப் படித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. இரண்டே பேர்தானே, நாலைந்து வருடத்தில் படிப்பு முடிந்து போய்விடுவார்களே.

இந்த ‘இரண்டே பேர்’தான் என்னைப் படுத்துகிறது. எண்ணிக்கை குறைந்தால் குற்றம் குறையும் என்று நமக்கு ஒரு கணக்கு உண்டு. ஆனால் தனியே உண்டவர்கள் இரண்டு பேர் என்றால், தள்ளிவைக்கப்பட்டவர்கள் அந்த இரண்டு பேர் இல்லை, மிச்சம் இருந்த அத்தனை பேரும். அந்த இரண்டு இலையும் வேறு பக்கம் போனதனால் பெரிய பந்தி முழுக்க வேறு ஒன்றாகிவிட்டது. அதுவரை வெறும் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள், அந்த நிமிடத்திலிருந்து இன்னார் மக்களாகச் சோறு சாப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள்? பணம் ஊர்ப்பணம், காங்கிரஸ் பணம். நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் கேட்டதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஐயர் கொடுத்த வாக்கு அவர் வீட்டுச் சொத்தை வைத்துக் கொடுத்த வாக்கு இல்லை. திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டி, தேசிய வேலையில் ஈடுபடுகிற நிறுவனங்கள் பிறப்பால் ஏற்றத்தாழ்வு பார்க்கக்கூடாது என்று எஸ். இராமநாதன் கொண்டுவந்த தீர்மானத்தை நிறைவேற்றியது. அதற்காக ராஜாஜியும் இன்னும் சிலரும் பொறுப்பிலிருந்து விலகினார்கள். ஒரு சாப்பாட்டுக்கூடத்தைப் பற்றிய இவ்வளவு சாதாரண வாக்கியத்தைத் தாங்கமுடியாமல் விலகியவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை, பெரிய மனிதர்கள். அதுதான் அந்த வாக்கியத்தின் கனத்தைக் காட்டுகிறது. இப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அருவி விடவில்லை.

குருகுலப் பொறுப்பை விட்டு விலகிய ஐயர், அந்த 1925 ஜூன் முதல் வாரத்தில் பாபநாசம் மலைக்குப் போனார். தென்மேற்குப் பருவமழை பிடிக்கிற நேரம். கீழே அம்பையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பொதிகை உச்சி கறுத்துவிடும். எந்த நிமிடத்தில் தண்ணீர் கூடும் என்று மலையில் பிறந்தவனாலும் சொல்லமுடியாது. அகத்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம். சிவன் பார்வதி கல்யாணத்தை அகத்தியர் கண்ட இடம் என்று ஐதீகம். அங்கே ஐயரின் மகள் சுபத்திரை தண்ணீரில் தவறி விழுந்தாள். காப்பாற்றக் குதித்த ஐயரும் திரும்பவில்லை. வயது 44. பத்து வருடத்துக்கு முன்னால் ‘குளத்தங்கரை அரசமரம்’ என்று ஒரு கதை எழுதியிருந்தார். குளத்தில் விழுந்து செத்த ஒரு பெண்ணின் கதையைக் கரையில் நின்ற மரம் சொல்வதுபோல. இந்த ஒற்றுமையைப் பலர் சொல்லிச் சிலிர்ப்பதைக் கேட்டிருக்கிறேன், வகுப்பில் நானும் குரல் தழுதழுக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தச் சிலிர்ப்பின்மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. அது ரொம்பச் சௌகரியமான சிலிர்ப்பு. செத்தவர்மேல் பரிதாபம் வந்துவிட்டால் அதற்கு முந்திய கேள்வி அப்படியே முழுகிவிடுகிறது. நவகைலாயம் போகிறவர்கள் மார்கழியில் வேன் பிடித்துப் பாபநாசத்தில் சூரியனைக் கும்பிட்டுவிட்டு அடுத்தது சேர்மாதேவியில் சந்திரனைக் கும்பிடுவார்கள். முக்கால் மணிப் பயணம். அந்த இரண்டு ஊர்களில்தான் ஐயர் கதையின் இரண்டு முனையும் இருக்கின்றன. என் புத்தி எப்போதும் பாபநாசத்திலேயே நின்றுகொண்டது. அங்கே தண்ணீர் இருந்தது, மகள் இருந்தாள், குதித்த அப்பா இருந்தார். சேர்மாதேவியில் ஒரு சாப்பாட்டு நேரம்தான் இருந்தது.

விடுதிப் பையன்களை ஒரு தடவை அகத்தியர் அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது நான் விடுதிக்குத் துணைக் காப்பாளர். வனத்துறைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பையெல்லாம் பார்த்துவிட்டு விட்டார்கள். பையன்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கீழே கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு குரங்கு சீயக்காய்ப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. குளித்து முடித்த நாலைந்து பேரோடு படியேறி மேலே போனேன். தீர்த்தத்தின் தண்ணீர் பார்க்க அசையாமல் கரும்பச்சையாகக் கிடந்தது. அந்த மாதிரித் தண்ணீர்தான் ஆளை விழுங்கும் என்று கூட வந்த உள்ளூர்ப் பையன் சொன்னான். அங்கே வைத்து ஐயர் கதையைச் சொன்னேன். லண்டன், புதுச்சேரி, குறள், சிறுகதை, மகள், தண்ணீர். நன்றாகத்தான் சொன்னேன், பையன்கள் ஈரத் துண்டோடு அசையாமல் நின்றார்கள். அப்போது ஒருத்தன் கேட்டான்: “இங்க எதுக்கு சார் வந்தாரு?” ஒரு கணம் யோசித்தேன். “சும்மா, சுத்திப் பாக்க” என்றேன். பொய் இல்லை, சுற்றிப் பார்க்கத்தான் வந்திருப்பார். ஆனால் அவன் கேட்டது அதை இல்லை. குருகுலத்தை விட்டு ஏன் வெளியே வந்தார் என்பதைச் சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. சொல்லியிருந்தால் அந்த ஈரப் படியில் நின்ற ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள். இல்லையென்றால் பார்க்காமல் இருப்பதற்காகத் தண்ணீரைப் பார்த்திருப்பார்கள்.

ஏன் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் விடுதி மெஸ்ஸில் கடப்பாக்கல் பதித்த நீள மேஜைகள் ஆறு. எங்கும் ஒரு பெயரும் எழுதியிருக்கவில்லை. யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது விதி. ஜன்னலுக்கு அடுத்த மேஜையில் எப்போதும் ஒரே ஊர்களின் பையன்கள் உட்காருவார்கள். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேஜையிலும் அப்படியே, வேறு ஊர்களின் பையன்கள். வருடம் மாறும், பையன்கள் மாறுவார்கள், மேஜை மாறாது. விடுமுறை முடிந்து திரும்பும்போது சில கைகளில் ஒரு நிறக் கயிறும் சில கைகளில் இன்னொரு நிறக் கயிறும் இருக்கும்; கோயில் கயிறு என்பார்கள். ஒரு ஆடி மாதம், முதலாமாண்டு மாணவன் ஒருவன் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் மேஜையில் போய் உட்கார்ந்தான். அங்கே இருந்தவர்கள் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொருவராகத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து, நின்றபடியே சாப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவனும் எழுந்து நின்றான். பிறகு மெதுவாகத் தொட்டிப் பக்கம் போனான். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். நான் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன், சமையலின் தரத்தைப் பார்ப்பது துணைக் காப்பாளரின் வேலை. கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, “உப்பு கம்மி” என்று மாஸ்டரிடம் சொன்னேன். அன்றைய பதிவேட்டில் அதைத்தான் எழுதினேன். அருவியில் கேள்வி கேட்டவன் எந்த மேஜைக்காரன் என்று இப்போது எவ்வளவு முயன்றும் ஞாபகம் வரவில்லை.

தென்னிந்திய ரயில்வேயின் ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனியாக இருந்த இடத்தை 1941இல் எடுத்தார்கள். பெரியார் விடாமல் கேட்டதன் பலன். அப்போது ஒரு தட்டியைக் கழற்றியிருப்பார்கள், ஒரு பலகையைக் கீழே இறக்கியிருப்பார்கள். கண்ணால் பார்க்கக்கூடிய வேலை. 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்த காமராஜர் பிள்ளைகளைத் தரையில் வரிசையாக உட்காரவைத்தார். பின்னாளில் அப்படி ஒரு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன்; அலுமினியத் தட்டில் கோதுமை ரவைச் சோற்றின் சூடு தொடையில் சுடும். என் பக்கத்தில் உட்காரவேண்டிய ஒருத்தன் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவிடுவான். அவன் வீடு பக்கத்தில் இருந்ததால் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சென்னை ஐ.ஐ.டி. மெஸ்ஸில் சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வாசல், அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வாசல் என்று தாள் ஒட்டியதைப் பற்றி 2018இல் சத்தம் எழுந்தபோது, தாளைக் கிழித்ததும் சத்தம் அடங்கியது. 2023இல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைச் சக மாணவர்களே சாதிப் பகையில் வெட்டியதற்குப் பிறகு அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கேட்டது. அவர் மறு வருடம் கொடுத்த அறிக்கையில் கயிறுகளைப் பற்றியும் இருக்கிறது. நாங்குநேரிக்கும் சேர்மாதேவிக்கும் ரொம்பத் தூரம் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று என் முதல் நினைவு, என் வெட்கத்துக்குரிய நினைவு, எங்கள் மெஸ்ஸில் யாரும் யாரையும் வெட்டவில்லையே என்பதுதான்.

போன தை மாதம் பென்ஷன் விஷயமாகக் கல்லூரிக்குப் போகவேண்டியிருந்தது. இந்தத் தடவை சேர்மாதேவியில் இறங்கிவிடுவது என்று முடிவுசெய்திருந்தேன். இறங்கி யாரிடம் என்ன கேட்பேன் என்று தெரியவில்லை. ‘குருகுலம் எங்கே இருந்துது?’ என்று கேட்டால் இடத்தைக் காட்டுவார்கள், அந்த இரண்டு இலையும் எந்தப் பக்கம் போட்டிருந்தது என்று யாரால் காட்ட முடியும்? பேட்டை தாண்டியதும் எதிர் இருக்கையில் இருந்த அம்மா தூக்குச்சட்டியைத் திறந்தாள். கூட ஒரு பேரப்பிள்ளை. புளிச்சோற்றின் வாசனை பெட்டி முழுக்க வந்தது. நல்லெண்ணெய், வறுத்த நிலக்கடலை, பெருங்காயம். பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு, வாட்டிய இலைக் கிழிசல் ஒன்றில் ஒரு பிடி வைத்து என்னிடம் நீட்டினாள். “ஒரு வாய் சாப்பிடுங்க அண்ணாச்சி.” கை நீட்டுவதற்கு ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடியில் நான் செய்தது எனக்கு நன்றாகத் தெரியும். முந்தி அவள் பிள்ளையிடம் பேசியதை எல்லாம் மறுபடி காதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சாதம் என்றாளா, சோறு என்றாளா. எந்த ஊர் என்றாள். கழுத்தில் கிடந்தது என்ன மாதிரித் தாலி. இதைச் செய்வது நானா என்று கேட்பதற்குள் செய்து முடித்துவிட்டேன். பிறகு வாங்கிச் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது. பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி நின்றது, யாரோ ஏறினார்கள், கீரைக்கட்டு ஒன்று காலில் இடித்தது. இலையை மடித்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தபோது சேர்மாதேவி பலகை பின்னால் போய்க்கொண்டிருந்தது.